முகத்துக்கு என்ன போடுற?

போன ஜூன் மாசம் ஊருக்குப் போயிட்டு வந்து முதல் நாள் வேலைக்குக் கிளம்பினேன். மும்பைக்குப் பக்கத்துல டோம்பிவிலி ஸ்டேஷன்ல வழக்கமா போற ஃபாஸ்ட் லோக்கல், வழக்கமான லேடீஸ் டப்பா, எங்க கும்பல் எப்பவும் நிக்கிற அதே கதவோரம். பையை ரேக்ல தூக்கி வெச்சுட்டு திரும்பினா, பன்னெண்டு வருஷமா என் கூட அதே வண்டில வர்ற ஒரு மராத்தி அக்கா என் முகத்தையே உத்துப் பாத்துட்டு நிக்கிறாங்க. வண்டி திவா தாண்டுற வரைக்கும் ஒண்ணும் பேசல. அப்புறம் மெதுவா என் கையைப் பிடிச்சுக்கிட்டு "ஹல்லி தோண்டாலா காய் லாவ்தேஸ்?"ன்னு கேட்டாங்க. இப்பல்லாம் முகத்துக்கு என்ன போடுறன்னு கேள்வி. சௌத்தி சீட்ல, அதாவது மூணு பேர் சீட்ல நாலாவது ஆளா, ஒட்டி உக்காந்திருந்த குஜராத்தி பொண்ணும் ஒரு காதுல இருந்து இயர்ஃபோனை எடுத்துட்டு பதிலுக்காக நிமிர்ந்து பாக்குது.

நான் உள்ளதைத்தான் சொன்னேன். ஒண்ணும் போடல அக்கா, ஊர்ல பதினெட்டு நாள் நல்லா தூங்கினேன், அவ்வளவுதான்னு. அவங்க நம்பல. ஆபீஸ்ல அன்னிக்கே இன்னும் மூணு பேர் அதே கேள்வி கேட்டாங்க, அவங்களும் நம்பல. இதை எழுதணும்னு அப்பவே தோணுச்சு, ஆனா பதினெட்டு நாளை மட்டும் எழுதினா அது வெறும் லீவு கதையா போயிடும், திரும்பி வந்து இந்த ஊரு ஓட்டத்துல அந்தத் தூக்கத்தை எவ்வளவு காப்பாத்த முடிஞ்சுது, எங்க கோட்டை விட்டேன்னு பாத்துட்டு எழுதலாம்னு ஒரு வருஷம் பொறுத்தேன்.

முன்னாடி நான் எப்படி இருந்தேன்னு சொல்லிடறேன். காலைல நாலரைக்கு அலாரம். எங்க பில்டிங்குல அஞ்சு மணிக்கு தண்ணி வரும், ஒரு மணி நேரம்தான், முழிச்சிருந்து பிடிச்சு வெக்கணும். நடுவுல மூணு டப்பா கட்டணும், அவருக்கு சப்பாத்தி, பொண்ணுக்கு ஏதாவது சாதம், எனக்கு ரெண்டுல எது மிச்சமோ அது. காட்கோபர்ல இறங்கி மெட்ரோ மாறி சகாலா போய் ஆபீஸ், அக்கவுண்ட்ஸ் வேலை. ராத்திரி வீடு திரும்ப எட்டரை ஆயிடும். சமைச்சு, சாப்பிட்டு, பாத்திரம் ஒதுக்கி, அத்தைக்கு மாத்திரை எடுத்துக் குடுத்து, பொண்ணு ஸ்கூல் டைரியில கையெழுத்து போட்டு முடிச்சா பதினொண்ணு. அதுக்கப்புறம் ஃபோனை எடுத்துக்கிட்டு படுப்பேன், கண்ணை மூட பன்னெண்டரை, சில நாள் ஒண்ணு. கணக்கு போட்டா நாலு மணி நேரம் கூட முழுசா வராது. ஒரு வாரம் ரெண்டு வாரம் இல்ல, ஏழெட்டு வருஷம் இப்படி.

அந்த ஃபோன் நேரத்தைப் பத்தி ஒண்ணு சொல்லணும். அதை எல்லாரும் ஃபோன் பைத்தியம்னு சொல்லிடறாங்க, எனக்கு அது நியாயமா படல. காலைல இருந்து ராத்திரி வரைக்கும் யாராவது கூப்பிட்டுக்கிட்டே இருக்காங்க, அம்மான்னு, மேடம்னு, "ஏங்க இந்தாப்பா"ன்னு. அந்த ஒண்ணரை மணி நேரம்தான் யாரும் கூப்பிடாத நேரம். சும்மா யாரோ ரங்கோலி போடுறதைப் பாப்பேன், யாரோ மீன் கழுவுறதைப் பாப்பேன். அந்த நேரத்தை வேற எங்க இருந்தும் எடுக்க முடியல, தூக்கத்துல இருந்துதான் எடுக்க முடிஞ்சுது, ஏன்னா தூக்கம் மட்டும்தான் எங்கிட்ட வந்து ஏன் எடுத்தேன்னு கேக்காது.

ஆனா அது முகத்துல வந்து கேட்டுருக்கு, நான்தான் கவனிக்கல. முதல் தடவையா நல்லா பாத்தது ஒரு ஜனவரி காலைல. அந்த மாசம் இங்க ஏழு மணிக்கு மேலதான் வெளிச்சமே வரும். குளிருக்கு ஜன்னல் கண்ணாடியை இறக்கி விட்டிருந்தாங்க, வெளிய கும்மிருட்டு, உள்ள ட்யூப்லைட், அதனால கண்ணாடில என் முகம் பளிச்சுன்னு தெரியுது. மேல் இமை ரெண்டும் பாதிக் கண்ணு வரைக்கும் இறங்கி இருக்கு, நான் கண்ணை நல்லாத் திறந்துதான் வெச்சிருக்கேன், ஆனாலும் இறங்கி இருக்கு. கீழ் இமைக்கு அடியில ரெண்டு சின்னப் பை, அதுக்குக் கீழ நீலமும் பழுப்பும் கலந்த ஒரு பிறை. வாயோட ரெண்டு ஓரமும் கீழ பாத்து வளைஞ்சிருக்கு. யாரோ செத்த வீட்டுல இருந்து வந்த பொம்பளை மாதிரி இருந்தேன். அன்னிக்கு எனக்கு ஒரு துக்கமும் கிடையாது.

அந்த வாரமே அம்மா வீடியோ கால்ல பாத்துட்டு, "ஏட்டி, மூஞ்சி ஏன் இப்படி வத்திக் கெடக்கு? ராத்திரி ஒறங்குதியா இல்லியா?"ன்னு கேட்டா. அம்பாசமுத்திரத்துல உக்காந்துகிட்டு ஆறு இஞ்ச் ஸ்கிரீன்ல பாத்து அம்மா கண்டுபிடிச்சதை நான் பக்கத்துல இருந்து கண்டுபிடிக்கல. கறுப்பு விழுந்துருக்கு, தோல்தான் கெட்டுப் போச்சுன்னு முடிவு பண்ணி பார்லருக்குப் போனேன். ஒரு ஃபேஷியல் 1,800 ரூபா, மாசம் ஒண்ணு வீதம் நாலு தடவை. செஞ்ச அன்னிக்கு பளபளன்னு இருக்கும், மூணாம் நாள் பழையபடி. அங்கயே ஒருத்தங்க ஒரு க்ரீம் பேரை எழுதிக் குடுத்தாங்க, மெடிக்கல்ல சீட்டு கேக்காமலே குடுத்துட்டாங்க, மூணு வாரம் கண்ணுக்குக் கீழ தடவினேன். நல்லா வெளுத்துது. அப்புறம் எரிய ஆரம்பிச்சுது, வெயில்ல நின்னா சிவந்து போகுது. அதுக்கப்புறம்தான் தெரியுது அதுல ஸ்டீராய்டு இருக்குன்னு. டாக்டர் பாக்காம அந்த மாதிரி க்ரீமை முகத்துல வெக்கவே வெக்காதீங்க, முதல்ல வெளுத்துக் காட்டிட்டு தோலை மெலிய வெச்சுடும், நிறுத்தினாலும் உடனே விடாது.

அந்த எரிச்சலுக்காகத்தான் ஸ்கின் டாக்டர்கிட்ட போனேன். அவங்க ஒரு காரியம் பண்ணினாங்க, இன்னிக்கும் கண்ணுல நிக்குது. என்னை ஜன்னல் பக்கம் திருப்பி உக்கார வெச்சு, கீழ் இமைத் தோலை ஒரு விரலால மெதுவா ஓரமா இழுத்துப் பாத்தாங்க. இழுத்தப்போ கறுப்பு அப்படியே இருந்தா அது நிறமி, பரம்பரையா வர்றது, நம்ம ஊர் ஆளுங்களுக்கு சகஜம். இழுக்கும்போது ஊதா நிறம் இன்னும் தெளிவா தெரிஞ்சா அடியில இருக்கிற ரத்தக் குழாய் தெரியுதுன்னு அர்த்தம். வெளிச்சத்தை நேரா முகத்துல அடிச்சா மறையற கறுப்பு வெறும் நிழல், வீக்கமோ குழியோ போடுற நிழல். எனக்கு மூணும் கொஞ்சம் கொஞ்சம் இருக்குன்னாங்க. உடம்புலயே மெல்லிசான தோல் இமைத் தோல்தான், சுமாரா அரை மில்லிமீட்டர், அதனால உள்ள நடக்கிறது முதல்ல அங்கதான் தெரியுமாம். ஹீமோகுளோபின் பாக்கச் சொன்னாங்க, 9.8 வந்துது, பொம்பளைங்களுக்கு 12 இருக்கணும். இரும்பு மாத்திரை எழுதினாங்க. அப்புறம் பேனாவை மூடி வெச்சுட்டு எத்தனை மணிக்குத் தூங்குறீங்கன்னு கேட்டாங்க. சொன்னேன். "நிறமி உங்க அம்மா குடுத்தது, அதை விட்டுடுங்க, மிச்சத்துக்கு நான் என்ன க்ரீம் எழுதினாலும் நாலு மணி நேரத் தூக்கத்துக்கு முன்னாடி நிக்காது"ன்னாங்க. எனக்கு கோவம்தான் வந்துச்சு. தூங்கறதுக்கு எனக்கு யாரு நேரம் குடுக்கப் போறா?

நேரம் குடுத்தது அம்மா. மே மாசம் பொண்ணுக்கு லீவு, எனக்கு சேத்து வெச்ச லீவு, ரெண்டு பேரும் ஊருக்குப் போனோம். போன அன்னிக்கே அம்மா, நீ அடுக்களைப் பக்கம் வந்தா நான் வெளிய போயிருவேன்னுட்டா. ராத்திரி ஒம்போதரைக்கு மொட்டை மாடில பாய் விரிச்சு படுத்தா, காலைல வெயில் கால்ல சுடும்போதுதான் முழிப்பேன். முதல் மூணு நாள் முகம் இன்னும் மோசமாச்சு, எழுந்திரிக்கும்போது ஊதிப் போய் இருக்கும், உடம்பு எல்லாம் அடிச்சுப் போட்ட மாதிரி. மதியமும் தூங்கினேன். நாலாம் நாள்ல இருந்து மதியத் தூக்கம் தானா நின்னு போச்சு. ஒரு வாரம் கழிச்சு புழக்கடைக் கண்ணாடில தலை சீவிட்டு இருக்கேன், ஓரம் பூரா அம்மாவோட பழைய ஸ்டிக்கர் பொட்டு ஒட்டி இருக்கிற கண்ணாடி அது, அதுல என் கண்ணைப் பாத்து சீப்பை அப்படியே நிறுத்திட்டேன். வெள்ளை முழி வெள்ளையா இருக்கு. அதுல எப்பவும் ஓடிட்டு இருக்கிற சிவப்பு ரேகைகளை நான் என் கண்ணோட அமைப்பே அதுதான்னு நினைச்சுட்டு இருந்தேன், அது இல்ல. மேல் இமை ஏறி அதோட மடிப்பு தெரியுது. கன்னத்துல ரத்த ஓட்டம் தெரியுது. கண்ணுக்குக் கீழ கறுப்பு இருக்கத்தான் இருக்கு, ஆனா பை இல்லாததால நிழல் விழல, பாதியாத் தெரியுது.

நிறம் மாறலை. இதை அழுத்திச் சொல்றேன், ஏன்னா நம்ம ஆளுங்க அழகுன்னா உடனே கலருக்குப் போயிடுவாங்க. நான் மாநிறத்துக்கும் கொஞ்சம் கீழ, இன்னிக்கும் அப்படித்தான். வந்தது வேற. பக்கத்து வீட்டு ஆச்சி பாத்துட்டு "இப்பதான் பிள்ளை மொகத்துல களை வந்திருக்கு"ன்னா. அந்த வார்த்தைதான் சரி. களைங்கிறது செவப்பும் இல்ல, மூக்கு முழியும் இல்ல, பளபளப்பும் இல்ல. கருத்த முகத்துல களை சொட்டும், செவத்த முகம் களை இல்லாமக் கிடக்கும். ஒரு ஆளு உள்ள முழுசா முழிச்சுட்டு இருக்காங்கறது வெளிய தெரியுறதுதான் களைன்னு எனக்குத் தோணுது, அது ராத்திரி தூங்காதவங்களுக்கு பகல்ல எப்படி வரும்?

திரும்பி வந்தப்புறம் இதைப் பத்தி தேடித் தேடி படிச்சேன். ஸ்டாக்ஹோம்ல கரோலின்ஸ்கா இன்ஸ்டிட்யூட்காரங்க இதையே ஆராய்ச்சி பண்ணி 2010-ல பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னல்ல போட்டிருக்காங்க. 23 பேரை ரெண்டு தடவை ஃபோட்டோ எடுத்திருக்காங்க, ஒண்ணு எட்டு மணி நேரம் தூங்கினப்புறம், இன்னொண்ணு முதல் நாள் ராத்திரி அஞ்சு மணி நேரம் மட்டும் தூங்க விட்டு அப்புறம் 31 மணி நேரம் முழிச்சிருக்க வெச்சு. மேக்கப் கிடையாது. எது எந்த ஃபோட்டோன்னு தெரியாத 65 பேர்கிட்ட காட்டி மார்க் போடச் சொன்னா, தூங்காத முகத்துக்கு ஆரோக்கியத்துலயும் குறைச்சல், அழகுலயும் குறைச்சல், களைப்பு மட்டும் ஜாஸ்தி. 2013-ல அதே ஊர்க்காரங்க, தூங்காத முகத்துல அப்படி என்னதான் தெரியுதுன்னு பிரிச்சுப் பாத்தாங்க. தொங்குற இமை, சிவந்த கண்ணு, வீங்கின கண்ணு, கருவளையம், வெளிறின தோல், சின்னச் சின்ன சுருக்கம், கீழ இறங்கின வாயோரம். பாக்கிறவங்களுக்கு அந்த முகம் சோகமாவும் தெரிஞ்சிருக்கு. அதைப் படிச்சப்போ எனக்கு உடம்பு சிலிர்த்துப் போச்சு, ஜனவரி மாசம் ரயில் கண்ணாடில நான் பாத்த முகத்தை வரிசையா எழுதி வெச்சிருக்காங்க.

2017-ல இன்னொண்ணு வந்திருக்கு, அதுதான் எனக்கு ரொம்ப வலிச்சுது. 25 பேரை ரெண்டே ரெண்டு ராத்திரி அரைகுறையா தூங்க வெச்சு எடுத்த ஃபோட்டோவை 122 பேருக்குக் காட்டி, இந்த ஆளு கூட பழக விருப்பமான்னு கேட்டிருக்காங்க. தூக்கம் கெட்ட முகத்தோட பழகறதுக்கு அவங்களுக்கு விருப்பம் கம்மி. இதை நான் ஆராய்ச்சில படிக்கிறதுக்கு முன்னாடியே பட்டிருக்கேன். முன்னாடி வேலை பாத்த ஒரு இடத்துல, ரெண்டு வருஷம் நானே பாத்த கணக்கை கிளையண்ட்டுக்கு விளக்க வேற ஒருத்தரை அனுப்பினாங்க, ஏன்னு கேட்டதுக்கு, "நீங்க எப்பவும் டல்லா இருக்கீங்க, ஆர்வம் இல்லாத மாதிரி தெரியுது"ன்னு சொன்னாங்க. எனக்கு ஆர்வம் இருந்துச்சு. ராத்திரி ஒரு மணி வரைக்கும் முழிச்சு அந்த ஷீட்டை சரி பாத்ததே நான்தான். முகம் மட்டும் வேற சொல்லிடுச்சு.

உள்ள என்ன நடக்குதுன்னு எனக்குப் புரிஞ்ச வரைக்கும் சொல்றேன். நாம தூங்கப் போறப்போ உடம்பு சூட்டை வெளிய விட தோல்ல இருக்கிற ரத்தக் குழாய் விரியும், குழந்தைங்க தூங்கும்போது கன்னமும் உள்ளங்காலும் கதகதன்னு இருக்கிறது அதனாலதான். தூங்கின முதல் சில மணி நேரத்துலதான் ஆழமான உறக்கம் ஜாஸ்தி, வளர்ச்சி ஹார்மோன் பெரும்பாலும் அப்பதான் சுரக்கும், தேய்மானத்தை சரி பண்றதுக்கு அது வேணும். கார்டிசால்ங்கிற ஹார்மோன் நடு ராத்திரி வாக்குல ரொம்ப இறங்கி காலைல ஏறணும், தூக்கம் கெட்டா அந்தக் கணக்கு குழம்பும். கண்ணு மூடி இருந்தா கருவிழி காயாம ஈரமா இருக்கும், பத்தொம்பது இருபது மணி நேரம் திறந்தே இருந்து அதுவும் பாதி நேரம் ஸ்கிரீனைப் பாத்தா காய்ஞ்சு சிவந்துதான் போகும். காலை வீக்கம் வேற சங்கதி, படுத்திருக்கும்போது நீர் முகத்துப் பக்கம் தேங்குறது, நல்லா தூங்கினவங்களுக்கும் கொஞ்சம் இருக்கும், நின்னு நடந்தா வடிஞ்சுடும். ராத்திரி ஊறுகாயும் அப்பளமும் வெச்சு சாப்பிட்டா கூடும், இது நான் என் முகத்துலயே பாத்தது.

சிகாகோ யுனிவர்சிட்டில 2004-ல 12 இளைஞர்களை ரெண்டு ராத்திரி நாலு மணி நேரம் மட்டும் படுக்க விட்டுப் பாத்தப்போ, வயிறு நிறைஞ்சுதுன்னு சொல்ற லெப்டின் 18 சதவீதம் குறைஞ்சு, பசிக்குதுன்னு சொல்ற க்ரெலின் 28 சதவீதம் ஏறியிருக்கு. ஸ்டேஷன்ல வந்து இறங்கினதும் வடா பாவ் வாசனைக்கு நான் ஏன் தினமும் அப்படி நின்னேன்னு அதுல புரிஞ்சுது. எஸ்டீ லாடர் கம்பெனி பணம் போட்டு அமெரிக்காவுல 60 பொம்பளைங்ககிட்ட செஞ்ச ஆராய்ச்சி ஒண்ணும் இருக்கு, நல்லா தூங்குறவங்க தோல் அடிபட்டா சீக்கிரம் சரியாகுதுன்னு முடிவு. க்ரீம் விக்கிறவங்க பணம்கிறதால அதை நான் கொஞ்சம் தள்ளி வெச்சுத்தான் பாக்கிறேன், ஆனா அவங்க பணத்துலயே தூக்கம்தான் ஜெயிச்சிருக்குன்னும் தோணுது.

எங்க வீட்டுக்காரர் விஷயத்தையும் இங்க சொல்லணும். அவர் குறட்டை எங்க வீட்டுல ஒரு கணக்குலயே இல்லாத சத்தம், ஃபேன் சத்தம் மாதிரி. தானேல ஏறினா டோம்பிவிலில இறங்காம தூங்கிட்டே கல்யாண் போயிட்டு திரும்பி வருவார். எட்டு மணி நேரம் படுக்கிற மனுஷனுக்கு முகம் ஏன் எப்பவும் உப்பி சிவந்து இருக்குன்னு எனக்குத் தோணவே இல்ல. தூக்கத்தைப் பத்தி படிக்கப் போய்த்தான் ஒரு ராத்திரி உக்காந்து கவனிச்சேன், குறட்டை திடீர்னு நிக்குது, மூச்சே இல்ல, நான் எண்றேன், பதினெட்டு, பத்தொம்பது, இருபது, அப்புறம் தண்ணிக்குள்ள இருந்து வெளிய வர்றவர் மாதிரி ஒரு இழுப்பு. அன்னிக்கு ராத்திரி நான் பயந்த மாதிரி என் வாழ்க்கைல பயந்ததில்ல. ஸ்லீப் டெஸ்ட் எடுத்தோம், மணிக்கு 34 தடவை மூச்சு தடைப்படுது, ஸ்லீப் அப்னியான்னாங்க. இப்ப சீபேப் மெஷின், மாஸ்க் வழியா காத்தை அழுத்தி மூச்சுப் பாதையைத் திறந்தே வெக்கிற மெஷின், அதை மாட்டிக்கிட்டு தூங்குறார். ரெண்டு மாசத்துல நெத்தில இருந்த உப்பல் வடிஞ்சு முகம் சின்னதாச்சு. மிச்சிகன் யுனிவர்சிட்டில 2013-ல இதே மாதிரி 20 நோயாளிங்களை மெஷின் போடுறதுக்கு முன்னாடியும் பின்னாடியும் படம் எடுத்து பாத்ததுல நெத்தி வீக்கமும் சிவப்பும் குறைஞ்சு, பாக்கிறவங்க கண்ணுக்கு இளமையாவும் சுறுசுறுப்பாவும் தெரிஞ்சிருக்காங்க. கருவளையத்துல மட்டும் பெருசா மாத்தம் இல்லையாம். உங்க வீட்டுல யாராவது குறட்டை நடுவுல மூச்சு நிறுத்தினா தயவு செஞ்சு கூட்டிட்டுப் போய் காட்டுங்க. அழகுக்காக இல்ல, அது இதயத்தை அடிக்கிற வியாதி.

சரி, மும்பைல எப்படித் தூங்குறதுக்கு நேரம் கண்டுபிடிச்சேன். முதல்ல அலாரத்தைத்தான் பாத்தேன். நாலரைக்கு எதுக்கு எழுந்திரிக்கிறேன்? தண்ணிக்கு. தண்ணி பிடிக்க ஆளு எதுக்கு? குழாயை மூடணும்கிறதுக்கு. ப்ளம்பரைக் கூப்பிட்டு கிச்சன் பரண்ல இருக்கிற டேங்க்ல ஒரு ஃப்ளோட் வால்வு போட்டோம், தண்ணி வந்தா தானா ரொம்பும், ரொம்பினா தானா நிக்கும். கூலியோட 1,800 ரூபா. ஒரு ஃபேஷியல் காசு. பரண்ல அது வந்த அன்னிக்கு காலைல அஞ்சேகாலுக்கு படுத்தபடியே டேங்க் ரொம்புற சத்தத்தைக் கேட்டுட்டு இருந்தேன், கண்ணுல தண்ணி வந்துடுச்சு, இதுக்காக இத்தனை வருஷம் எழுந்திரிச்சேனேன்னு.

அடுத்தது டப்பா. இதுக்குத்தான் வீட்டுல பேச்சு வந்துச்சு. ராத்திரியே மாவு பிசைஞ்சு வெக்கிறது அவர் வேலைன்னு சொன்னேன், சரின்னுட்டார். அத்தை ரெண்டு நாள் முகம் குடுத்துப் பேசல, எங்க காலத்துல நாங்கல்லாம் தூங்கினோமான்னு கேட்டாங்க. நான் எதிர்த்துப் பேசல, "நீங்களும் தூங்கி இருக்கணும் அத்தை, யாரும் உங்களை விடல"ன்னு மட்டும் சொன்னேன். அவங்க ஒண்ணும் சொல்லல. மூணாம் நாள் காலைல நான் எழுந்து வந்தா காய் நறுக்கி தட்டுல வெச்சிருக்கு. எழுபத்திரெண்டு வயசு, நாலு மணிக்கே முழிப்பு வந்துடுதாம், சும்மாதானே உக்காந்திருக்கேன்னாங்க. பொண்ணு டப்பாவை பொண்ணே கட்டிக்கிறா.

எனக்குன்னு இருந்த அந்த ஒண்ணரை மணி நேரத்தை விடறதுதான் கஷ்டமா இருந்துச்சு. ஃபோனை ஹால்ல சார்ஜ் போட்டுட்டு படுன்னு எல்லாரும் சொல்வாங்க, போட்டேன், ஆனா உள்ள ஒரு ஆத்திரம், நாள் முழுக்க உழைச்சு எனக்கு இதுவும் இல்லையான்னு. அப்புறம் அந்த நேரத்தை இடம் மாத்தினேன். வேலை விட்டு வந்ததும் இருபது நிமிஷம் பெட்ரூம் கதவு சாத்தி இருக்கும், யாரும் கூப்பிடக் கூடாது. மிச்சத்தை ரயில்ல எடுத்துக்கிறேன். ஆபீஸ்ல அஞ்சு மணி ஃபில்டர் காபியை விட்டேன், குடிச்ச காபில பாதி அஞ்சு மணி நேரம் கழிச்சும் உடம்புல இருக்கும், பத்து மணிக்கு படுத்தா பாதிக் காபி குடிச்சுட்டு படுக்கிற மாதிரி. இப்ப பத்தரைக்கு லைட் ஆஃப், அஞ்சரைக்கு எழுந்திரிக்கிறேன். ஏழு மணி நேரம். பெரியவங்களுக்கு குறைஞ்சது ஏழுன்னுதான் 2015-ல அமெரிக்க தூக்க மருத்துவர்களும் சொல்லி இருக்காங்க. ஞாயித்துக்கிழமை பத்து மணி வரைக்கும் தூங்கி சேத்து எடுத்துக்கலாம்னு முன்னாடி நினைப்பேன், அது எனக்கு ஒத்து வரல, ஞாயிறு ராத்திரி தூக்கம் வராம திங்கக்கிழமை முகம் இன்னும் மோசமா இருக்கும்.

கணபதி பத்து நாளும் தூக்கம் போச்சு, அது பரவாயில்ல, ஊரே முழிச்சிருக்கு. மார்ச் மாசம்தான் மோசம். வருஷக் கணக்கு முடிக்கிற நேரம், 31-ம் தேதிக்குள்ள எல்லாம் முடியணும், பத்து நாள் மறுபடி பழைய நாலு மணி நேரம். எத்தனை நாள்ல முகம் மாறும்னு பாக்கிறதுக்காகவே தினமும் காலைல அதே ஜன்னல் பக்கத்துல நின்னு ஃபோட்டோ எடுத்தேன். மூணாம் நாள் கண்ணு சிவந்துது. நாலாம் நாள் இமை இறங்கி மடிப்பு காணாம போச்சு. ஆறாம் நாள் ரயில்ல அந்த மராத்தி அக்கா உடம்பு சரியில்லையான்னு கேட்டாங்க. சேத்து வெச்ச ஒம்பது மாசத் தூக்கம் ஒரு வாரம் கூட தாங்கல. ஏப்ரல் முதல் வாரம் தூங்கித் தூங்கி எடுத்ததுல களை திரும்பவும் வந்துது, அதுவும் உண்மை.

இப்ப என் கவலை பொண்ணைப் பத்தி. ஒம்பதாவது படிக்கிறா. 2024-ல மகாராஷ்டிரா அரசாங்கம், பிள்ளைங்களுக்கு தூக்கம் பத்தலைன்னு சொல்லி நாலாவது வரைக்கும் ஸ்கூல் காலைல ஒம்பது மணிக்கு முன்னாடி ஆரம்பிக்கக் கூடாதுன்னு உத்தரவு போட்டுச்சு, இவளுக்கு அது கிடையாது, இவ ஏழு மணிக்கு கேட்டுக்குள்ள இருக்கணும். இந்த வயசுப் பிள்ளைங்களுக்கு எட்டுல இருந்து பத்து மணி நேரம் வேணும், ஆனா இந்த வயசுலதான் உடம்புக் கடிகாரம் தள்ளிப் போய் ராத்திரி பதினொண்ணு வரைக்கும் தூக்கமே வராது, அது அவ தப்பு இல்ல. போன வாரம் அவ பென்சில் பவுச்ல ஒரு கன்சீலர் ட்யூப் பாத்தேன். தோல் கலர்ல, பாதி தீர்ந்திருக்கு. பதினாலு வயசுப் பிள்ளை கண்ணுக்குக் கீழ எதை மறைக்கிறான்னு எனக்குத் தெரியும், ஏன்னா அந்த நிறமி எங்க அம்மா எனக்குக் குடுத்து நான் அவளுக்குக் குடுத்தது.

திட்டல. பக்கத்துல உக்கார வெச்சு, டாக்டர் எனக்குப் பண்ணின மாதிரியே அவ கீழ் இமையை விரலால மெதுவா இழுத்துக் காட்டினேன், இது பாட்டி, இது நீ தூங்காதது, ரெண்டும் வேற வேறன்னு. கண்ணாடியை வாங்கி அவளே ரொம்ப நேரம் இழுத்து இழுத்துப் பாத்தா. ராத்திரி எட்டரை டு பத்து ட்யூஷனை சனி ஞாயிறுக்கு மாத்தித் தர முடியுமான்னு சார்கிட்ட பேசினேன், ஒரு நாளை மட்டும் மாத்திக் குடுத்திருக்கார், மிச்சத்துக்கு இன்னும் கேட்டுக்கிட்டு இருக்கேன். கன்சீலரை பவுச்லயே வெச்சுட்டேன், அது அவ பொருள்.

நேத்து பத்தே முக்காலுக்கு அவ ரூம் கதவுக்கு அடியில தெரியுற வெளிச்சம் அணைஞ்சுது. எழுந்து போய் ஃபோனை வெச்சுட்டாளான்னு பாக்கணும்னு தோணுச்சு. போகல. பக்கத்துல மெஷின் சீரா மூச்சு விட்டுட்டு இருந்துச்சு, அப்படியே திரும்பிப் படுத்துட்டேன்.